மைசூர் வீட்டின் குறுக்குச் சுவர்

1996 ஏப்ரல். காலை ஏழரைக்கு மைசூர் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். பாண்டிச்சேரியிலிருந்து பெங்களூர் வழியாக இரண்டு பேருந்து, இடுப்பு விட்டுப்போயிற்று. அரண்மனை பார்க்கவெல்லாம் வரவில்லை. பாண்டிச்சேரியில் எங்கள் பிரெஞ்சுக் காலத்து வீட்டை நானும் தம்பியும் இரண்டாகப் பிரிக்கப் போகிறோம். மாடி யாருக்கு என்பதில் எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. என் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன் செல்வராஜ், நான் இதுவரை வந்திராத இந்த மைசூரில், இதே மாதிரி ஒரு வீட்டைத் தம்பியோடு பிரித்துக்கொண்டவர். அதைப் பார்த்து அப்படியே செய்துவிடலாம் என்பது என் யோசனை.

ஆட்டோவுக்குப் பன்னிரண்டு ரூபாய். வீட்டைப் பார்த்ததும் அசந்துபோனேன். செல்வராஜின் தாத்தா பாண்டிச்சேரியில் வியாபாரம் செய்தபோது ஆசைப்பட்ட வீட்டை இங்கே வந்து கட்டியிருக்கிறார். தெருவை ஒட்டிய மஞ்சள் சுவர், வளைவு வாசல், ஆளுயரத்துக்கு மேல் சன்னல்கள், சாய்வுப் பலகை அடுக்கிய கதவுகள், மேலே இரும்புக் கிராதி போட்ட பால்கனி. உள்ளே பத்தடி வைத்தேன். மூக்கில் இடிக்காத குறையாக ஒரு சிமென்ட் சுவர்!

"வாங்க மாப்ளே! பாத்துங்க, சுவரு இருக்குது" என்று சிரித்தார் செல்வராஜ்.

முன்பாதி அவருக்கு, பின்பாதி தம்பிக்கு. இவ்வகை வீடுகளில் தெருவாசல், கூடம், முற்றம், கொல்லைக் கதவு எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். காற்று தடையில்லாமல் ஓடத்தான் அந்த ஏற்பாடு. இப்போது மின்விசிறி சுற்றியும் எனக்கு வியர்த்துக் கொட்டியது. மாடிப்படி முன்பாதியில் மாட்டிக்கொண்டதால் பின்பாதிக்காரர்கள் வெளியே இரும்பு ஏணி வைத்து ஏறுகிறார்கள். கட்டிய மனிதர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

மதியம் ஒரு மணிக்குத் தம்பியின் மனைவி கீதா குழம்புப் பாத்திரத்தோடு தெருவாசல் வழியாக மூச்சு வாங்க வந்தாள். "ஊட்டா ஆயித்தா அண்ணா?" என்று சாப்பாட்டைக் கன்னடத்தில் விசாரித்துவிட்டுத் தமிழுக்கு வந்தாள். "முன்னெல்லாம் நாலு எட்டுதான். இப்ப சந்து சுத்தி வர்றதுக்குள்ள கொழம்பு ஆறிப்போகுது, பாருங்க!"

ஆறினாலும் அந்தக் கத்தரிக்காய்க் குழம்பு அமிர்தம். நான் மூன்று முறை சோறு வாங்கினேன். முன்பின் பார்த்திராத எனக்காக வெயிலில் சுற்றி வந்தவள், மகராசி!

"இவ்ளோ ஒத்துமையா இருக்கீங்க. சுவத்த இடிச்சிட வேண்டியதுதானே மச்சான்?"

செல்வராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "இடிக்கலாமுங்க. ரெண்டு பேருக்கும் ஆசதான். யாரு மொதல்ல சொல்றதுன்னே நாலு வருசம் ஓடிப்போச்சு."

கீதா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

நாலு மணிக்குத் தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் நின்றேன். அந்த வீட்டில் எல்லாரையும் மனதுக்குள் கும்பிட்டுவிட்டுப் பாண்டிச்சேரியில் என் தம்பியின் எண்ணைச் சுழற்றினேன். வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"டேய், நான்தான். மாடிய நீயே வச்சுக்க. சுவர் வேணாம்."

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி தொண்டையைச் செருமினான். "திங்கக்கிழமை சுவர் எழுப்பக் கொத்தனார வரச் சொல்லிட்டேனே, அண்ணா."

"வரட்டும்டா. உன் மாடி ஒழுகுது, அதப் பாக்கச் சொல்லு."