ஒரே ஊர், இரண்டு மாகாணம்

ஜெர்மனியின் ஹனோவர் நகரின் விளிம்பில், லொறிகள் மட்டுமே போய்வருகிற ஒரு வீதியில் வேகமாக நடந்துகொண்டிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் நான் வேலை செய்த பண்டகசாலை. மணி பத்து. என் வேலை முடிவது இரண்டு மணிக்கு.

மேற்பார்வையாளர் தயா வாசல்வரை வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணை, இப்ப போறியள் எண்டால் நாளைக்கு வரத் தேவையில்லை. பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது."

"ஓம் தயா. சொல்ல மாட்டன்."

காரணத்தைச் சொல்லி, கையுறைகளை அவரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஓர் இடத்தில் நிலைக்காத ஆள் என்று தெரியும்தானே?

ஆனால் இந்த முறை அந்தக் குணம் காரணமில்லை. ஒருவனுக்கு நான் செய்துவைத்த பிழையைத் திருத்த வேண்டும் — பதினொரு மணிக்குள்.

அவன் பெயர் அஸமத். கிர்கிஸ்தான்காரன், வயது இருபத்தெட்டு, என்னோடு பெட்டி அடுக்குகிறவன். பண்டகசாலையில் எங்கள் ஆட்கள் அதிகம் என்பதால் இரண்டு தமிழ்ச் சொற்களைப் பிடித்துவைத்திருந்தான்: 'ஓம்', 'அண்ணை'. மற்றதெல்லாம் எங்களுக்குள் உடைந்த ஜெர்மன். ஒரு மருத்துவமனையில் தாதியர் பயிற்சிக்கு அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. அவனுடைய விசா இன்றோடு முடிகிறது. காலையில் ஆளைக் காணவில்லையே என்று ஃபோன் எடுத்தபோதுதான் விஷயத்தைச் சொன்னான். வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து கடிதம்... பிறந்த இடம் பற்றி முரணான தகவல் தந்திருக்கிறீர்கள், பதினொரு மணி டெர்மினுக்கு, அதாவது குறித்த சந்திப்புக்கு, வந்து விளக்கவும்.

விளக்க முடியாவிட்டால்? பயிற்சியும் இல்லை, ஜெர்மனியும் இல்லை.

அந்த முரண் என் கைவேலை.

போன மாதம் தேநீர் இடைவேளையில் அவனுடைய விண்ணப்பத்தை நிரப்ப உதவினேன். பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஊர்ப் பெயரையும் ஓஷ் மாகாணம் என்றும் எழுதப் போனான். பாஸ்போர்ட்டைப் பார்த்தேன். அதே ஊர், பத்கென் மாகாணம். உடனே கையைப் பிடித்து நிறுத்தினேன். அகதியாக வந்த எங்கள் தலைமுறை முகாமில் படித்த முதல் பாடம் அது — விசாரணையில் ஒரு சொல்கூட மாறக் கூடாது. மாறினால் பொய் என்று முடிவு கட்டிவிடுவார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு அந்தப் பாடம் மட்டும் மறக்கவில்லை. எல்லாவற்றிலும் ஒன்றையே எழுது என்று பத்கென் போட வைத்தேன். பிறப்புச் சான்றிதழில் ஓஷ் என்று இருக்கிறதா என்று கேட்கவேயில்லை.

ரயில் ஏழு நிமிடம் தாமதம். பதினொன்றுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அஸமத் இஸ்திரி போட்ட சட்டையோடு வாங்கில் உட்கார்ந்திருந்தான். "அண்ணை" என்றான்.

எங்களை உள்ளே அழைத்த பெண் அதிகாரி கோபக்காரி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. விண்ணப்பத்தையும் பிறப்புச் சான்றிதழையும் அருகருகே வைத்து, ஓஷ், பத்கென், எது உண்மை என்று கேட்டார்.

"இரண்டும்" என்றான் அஸமத்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். விண்ணப்பத்தில் இப்படி எழுதச் சொன்னது யார் என்று கேட்டார். அவன் தரையைப் பார்த்தான்.

"நானேதான்."

"இல்லை. நான் சொல்லித்தான் எழுதினான்" என்றேன்.

"நீங்கள் யார்?"

"கூட வேலை செய்கிறவன்."

"இன்றைக்கு வேலை இல்லையா?"

"பத்து மணிவரை இருந்தது."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் நான் கேட்ட வெற்றுத்தாளைத் தந்தார்.

அதில் ஒரு வரைபடம் வரைந்தேன். பெட்டி அடுக்கும்போது அஸமத் சொல்லிக் கேட்டதுதான் எனக்குத் தெரிந்த புவியியல். கிர்கிஸ்தானின் தென்மேற்கில் நீட்டிய கால் மாதிரி ஒரு துண்டு. வடக்கே உஸ்பெகிஸ்தான், மேற்கிலும் தெற்கிலும் தஜிகிஸ்தான். உள்ளேயும் நிம்மதி இல்லை. சோக் என்ற பள்ளத்தாக்கு சுற்றிலும் கிர்கிஸ் மண்ணாக இருந்தும் உஸ்பெகிஸ்தானுக்குச் சொந்தம். மேற்குக் கோடியில் லெய்லெக் மாவட்டம், அதில் அவன் ஊர். அவன் பிறந்தபோது இதெல்லாம் ஓஷ் மாகாணம். பிறகு மேற்குப் பக்கத்தைப் பிரித்துப் பத்கென் என்று புது மாகாணம் ஆக்கினார்கள். அவனுக்கு அப்போது மூன்று வயது. வீட்டு முற்றத்தைத் தாண்டவில்லை. மாகாணம்தான் அவனைத் தாண்டிப் போனது.

"இது நடக்கக்கூடியதா?" என்றார் அதிகாரி.

எனக்கு நடந்தது என்றேன். நான் பிறந்த கிளிநொச்சி அப்போது யாழ்ப்பாண மாவட்டம். பிறகு தனி மாவட்டமாயிற்று. முதல் விசாரணையில் ஒன்றைச் சொன்னேன், ஊரிலிருந்து வந்த தாளில் மற்றது இருந்தது. அதைத் தெளிவாக்க மாதக்கணக்கானது. அதில் நான் கற்க வேண்டியது 'இரண்டையும் சொல்' என்பது. கற்றதோ 'ஒன்றை மறை' என்பது.

அவர் ஃபைலையும் என் படத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். இருபது நிமிடம். அஸமத்தின் முழங்கால் மேசையின் அடிப்பக்கத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. பிடித்து நிறுத்த மனம் வரவில்லை. போன முறை கையைப் பிடித்ததே போதும்.

திரும்பி வந்தவர் விண்ணப்பத்தை அவன் முன் தள்ளினார். பிறந்தபோது ஓஷ், இன்று பத்கென் என்று இரண்டையும் எழுதிக் கையெழுத்திடச் சொன்னார். முடிவு வரும்வரை தங்கியிருக்க ஒரு தற்காலிகத் தாளும் கொடுத்தார். பயிற்சியைத் தொடங்கலாமா என்று அவன் கேட்டான். தொடங்கலாம் என்றார். வெளியே வந்து படிக்கட்டில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான்.

பின்னேரம் தயா ஃபோன் எடுத்தார். "அண்ணை, பெடியனுக்குச் சரி வந்ததோ? ... நல்லது. உங்களை இஞ்ச திருப்பி எடுக்க ஏலாது. ஆனா லைசன்ஸ் வைச்சிருக்கிறியள்தானே?"

அடுத்த நாள் காலை, தயா பிடித்துத் தந்த வேலையில், ஹனோவருக்கு வெளியே பார்சல் வேன் ஓட்டினேன். மூன்றாவது பார்சலில் இருந்த ஊர்ப் பெயரைக் கையிலிருந்த கருவி ஏற்கவில்லை. அப்படி ஓர் இடமே இல்லை என்றது. வேலியோரம் நின்ற ஜெர்மன்காரரிடம் கேட்டேன். நீ நிற்பதே அங்கேதான் என்றார். பக்கத்து ஊர்களோடு சேர்த்துப் பெயரை மாற்றி எத்தனையோ வருடமாகிறதாம். பார்சல் அவருக்குத்தான்; அனுப்பிய தங்கை மட்டும் இன்னும் பழைய பெயரைத்தான் எழுதுகிறாளாம்.

பார்சலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். எது உண்மை என்று கேட்கவில்லை.