ஊமை என்று ஒட்டிய சீட்டு

லென்ஸ் கைக்கு வந்ததும் கடைக்காரர் பின்மூடியைக் கழற்றி, கேமராவில் பொருந்தும் உலோக வளையத்தை வெளிச்சத்துக்குத் திருப்புவார். பழைய கேமராச் சாமான்களை வாங்கி விற்பவர். வளையத்தில் திருகாணித் தலை போன்ற சிறு வெட்டு தெரிந்தால், "இதுக்குச் சொந்தமா கால் கிடையாது, கேமரா இழுத்தாத்தான் நடக்கும்" என்பார். வெட்டு இல்லாவிட்டால், படம் தெளிவாக விழ லென்ஸை நகர்த்தும் மோட்டார் அதற்குள்ளேயே இருக்கும். அதிலும் கரகரவென்று ஓடுவது ஒன்று, ஓசையில்லாமல் ஓடுவது ஒன்று.

அதைப் பிரித்தறியக் காதுதான் கருவி. கேமராவில் மாட்டி, பொத்தானைப் பாதி அழுத்தி, லென்ஸை வலது காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். ஓசையில்லாததற்கு 'ஊமை' என்று எழுதிய சீட்டு. அந்தச் சீட்டைப் பார்த்து வாங்குகிறவர்கள் மறுபடி சோதிப்பதில்லை.

முன்பெல்லாம் சோதிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார். இப்போது அந்த நினைப்பே வருவதில்லை. அலமாரியில் ஊமைகள் பெருகிவிட்டன. "நல்ல சரக்கா வந்து விழுது, பாத்தியா?" என்றார் மனைவியிடம். மேசையில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் ஏதோ சொன்னார். இவருக்கு எட்டவில்லை.

நேற்று மாலை, இவரிடம் ஊமை வாங்கிப்போன ஒருவர் அதை மேசைமேல் வைத்தார்.

"அண்ணே, ஆஸ்பத்திரியில எங்கம்மா பேசினதை வீடியோ எடுத்தேன். மெல்லிசாத்தான் பேசினாங்க. அதுக்கு மேல இதோட கரகரப்புதான் கேக்குது."

"என்ன? சத்தமாச் சொல்லுங்க."

அவர் மறுபடி சொன்னார். "இன்னொரு தடவை எடுக்க அவங்க இல்லண்ணே. பணத்துக்காக வரல. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

கடைக்காரர் லென்ஸை மாட்டி வலது காதில் வைத்தார். பிறகு இடது காதில். "ஊமைதானே இது? நீயே சொல்லுடி."

அந்த அம்மாள் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். கணவரின் காதருகே குனிந்தார். "இங்க வரைக்கும் கரகரங்குதுங்க. உங்க காதுக்கு இப்ப எல்லாமே ஊமைதான். எத்தனை தடவை சொல்லிட்டேன்."

அவர் நம்பவில்லை. அந்த அம்மாள் அவர் விரல்களை லென்ஸைச் சுற்றிப் பிடிக்கவைத்து, தானே பொத்தானை அழுத்தினார். விரல் நுனிகளில் அது அதிர்ந்தது.

கடைக்காரர் அலமாரிக்குப் போனார். முதல் வரிசையின் முதல் லென்ஸை எடுத்து, காதில் வைக்காமல், கட்டைவிரல் நகத்தால் சீட்டைச் சுரண்டத் தொடங்கினார்.