பேசாத தராசு

"சார், கேக்கலைங்க!"

பின்வரிசையிலிருந்து இந்தக் குரல் வராமல் என் வகுப்பு முடிந்ததே இல்லை. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் என் குரல் தொண்டைக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். அப்படிப்பட்டவனைப் பிடித்துச் சேலத்தில் மாலை வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்... மாட்டேன் என்று சொல்லவும் கொஞ்சம் தைரியம் வேண்டுமே!

மாணவர்கள் எல்லாரும் வேலையில் இருப்பவர்கள். கூட்டுறவுச் சங்கச் செயலாளர்கள், மில் ஆபீஸ் குமாஸ்தாக்கள், லாரி புக்கிங் ஆபீஸில் இருப்பவர்கள். கணக்கு, வணிகச் சட்டம் எல்லாவற்றுக்கும் பட்டம் பெற்றவர்கள் பாடம் எடுக்க வருகிறார்கள். 'நிர்வாகத்தில் மாறுதல்' என்ற பாடம் மட்டும் எனக்கு. பள்ளிப் படிப்போடு நின்றவன்தான் நான். ஆனால் சங்கத்தில் பல வருடம் இருந்தவன்; படி போய் கிலோ வந்ததை நேரில் பார்த்தவன். அதனால் என்னைப் பிடித்துவிட்டார்கள்.

பாடம் மூன்றே விஷயம்தான். புது முறையின் நன்மையைக் கூட்டம் போட்டு விளக்க வேண்டும். செய்து காட்ட வேண்டும். பழக அவகாசம் தர வேண்டும். இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பலகையைப் பார்த்தபடியே படிப்பேன். பலகைதான் திருப்பி முறைக்காது.

போன வாரம் சகாயராஜ் எழுந்து நின்றான். சேலம் டவுன் பையன். திருச்செங்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துச் சங்கத்தில் தற்காலிகச் செயலாளர்.

"சார், நீங்க சொன்ன மூணையும் செஞ்சேன். கூட்டம் போட்டேன். மூட்டையை நிறுத்துக் காட்டினேன். ஒரு மாசம் டைம் குடுத்தேன். ஒரு மூட்டைக் கடலைக்காய்கூட சங்கத்துக்கு வரலை. இப்ப நாலாவதா என்ன செய்யணும்?"

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"இந்த சீசன்ல காய் வரலேன்னா சங்கத்தை மூடிடுவாங்க சார். என்னையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"கூட்டத்தில் யாராவது எதிர்த்துப் பேசினார்களா?" என்று கேட்டேன்.

"எதிர்த்தா? எல்லாரும் 'செரிங்க, செரிங்க'ன்னு தலையாட்டினாங்க சார். மறுநாள் வியாபாரி களத்துக்கே வந்து பழைய வள்ளப் படியில அளந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

அந்தப் பக்கத்து ஜனங்களின் மரியாதை அப்படி. முகத்துக்கு நேராக ஒருவரை மறுத்துப் பேச மாட்டார்கள். வண்டியை மட்டும் வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள்.

நாலாவது என்ன? எனக்குத் தெரியவில்லை. அத்தனை பேர் முன்னால் தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். "ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

போனேன்.

சங்கத்து முற்றத்தில் புத்தம் புது மேடைத் தராசு, துடைத்து வைத்த மாதிரி நின்றது. எதிரே டீக்கடை. அதில் ஏழெட்டுப் பேர். கூட்டத்தில் தலையாட்டியவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். டீயை வாங்கி வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தபடி இருந்தார்கள்.

பத்து மணிக்கு மேல் ஒரு வண்டி வந்தது. பாவாயி என்ற அம்மாள். நாலு ஏக்கர் கடலையை ஒண்டியாகப் பார்த்துக்கொள்கிறவர். வியாபாரியோடு ஏதோ சண்டை. அந்தக் கோபத்தில் வண்டியைச் சங்கத்துக்கு ஓட்டச் சொல்லியிருக்கிறார். சகாயராஜ் முகத்தில் வெளிச்சம் வந்தது. டீக்கடையில் பேச்சு நின்றது. இந்த வண்டிக்கு என்ன ஆகிறதோ அதுதான் மற்ற வண்டிகளுக்கும் என்பது எனக்கே புரிந்தது.

சுமைக்காரர் முதல் மூட்டையைத் தராசில் ஏற்றினார். சகாயராஜ் குனிந்து பார்த்தான். எழுதினான். மூட்டை இறங்கியது. அடுத்தது ஏறியது. குனிந்தான். எழுதினான். அவ்வளவு நேர்த்தி... அவ்வளவு அமைதி.

மூன்றாவது மூட்டையில் பாவாயி கையை நீட்டித் தடுத்தார்.

"ஏனுங்க தம்பி, எழவு ஊட்டுல நிக்கறாப்பல இப்படிக் கம்முனு இருக்கறீங்களே... என்ற காயி எவ்வளவுன்னு எனக்குக் கேக்க வேண்டாமுங்களா?"

"எல்லாம் சீட்டுல எழுதித் தர்றேன்மா."

"சீட்டை நான் என்ன பண்ணட்டும்? மொத மூட்டைக்கு லாபம்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"அதெல்லாம் வள்ளத்துக்கும்மா. இது தராசு. தராசுக்கு லாபம் கிடையாது."

சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. டீக்கடையிலிருந்து ஒரு குரல்: "கேட்டுக்கங்க! சங்கத்துல லாபமே கெடையாதாமா!"

பாவாயி சுமைக்காரரைப் பார்த்தார். "எறக்குனதை ஏத்துங்க சாமி. ஊட்டுக்குப் போலாம்."

சகாயராஜ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வள்ளத்தால் அளக்கும்போது நம் பக்கத்தில் யாராவது வாயை மூடிக்கொண்டு அளந்து பார்த்திருக்கிறோமா? முதல் அளவுக்கு ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று ஆரம்பித்து, அப்புறம் இரண்டு, மூன்று என்று தெருக்கோடி வரை கேட்கக் கூப்பிடுவார்கள். காய்க்குச் சொந்தக்காரருக்கும் கேட்கும், வேலியோரம் நிற்பவருக்கும் கேட்கும். தப்பு வந்தால் தட்டிக்கேட்க ஊரே இருக்கும். நாங்கள் கிலோவின் நன்மையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவர்களுக்குக் கிலோவோடு சண்டையே இல்லை. ஊருக்கே கேட்ட ஒரு காரியத்தை, ஒரு பையனும் ஒரு பென்சிலும் மட்டும் அறிந்த ரகசியமாக்கிவிட்டோம். கூட்டத்தில் அவர்கள் ஏன் இதைச் சொல்லவில்லை? நாங்கள் கேட்கவே இல்லையே!

"கூப்பிட்டு நிறுக்கலாம்" என்று சகாயராஜிடம் மெதுவாகச் சொன்னேன்.

"நான் முள்ளைப் பார்க்கணும், எழுதணும். நீங்க கூப்பிடுங்க சார்."

நானா?

கூப்பிட்டே நிறுக்கிறோம் என்று சகாயராஜ் பாவாயியிடம் கேட்டுக்கொள்ள, சுமைக்காரர் முதல் மூட்டையை மறுபடி தராசில் ஏற்றிவிட்டார். பாவாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். டீக்கடை மொத்தமும் என் வாயைப் பார்த்தது.

"லாபம்..."

"ஐயாவுக்குக் காத்தால சோறு போடலீங்களாட்ட இருக்குது!" என்றது டீக்கடை. ஒரே சிரிப்பு.

பாவாயி சிரிக்கவில்லை. "இன்னொருக்காச் சொல்லுங்க சாமி. என்ற லாபம் இத்தனை சோந்து போயி வரலாமுங்களா?"

சகாயராஜ் முள்ளைப் பார்த்து எடையைச் சொன்னான். கண்ணை மூடிக்கொண்டேன்.

"லாபம்! நாற்பத்தொரு கிலோ!"

கூரை மேலிருந்த காக்கைகள் பறந்தன. அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "ரெண்டு! முப்பத்தொம்பது கிலோ!" டீக்கடையில் ஒருவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். நாலாவது மூட்டையில் தராசைச் சுற்றி ஆள் நின்றது. ஆறாவதில் அவர்களே என்னோடு சேர்ந்து கூப்பிட்டார்கள்.

"கிலோவோ என்னவோ... காதுல உழுந்தாச் செரி" என்று பாவாயி சீட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

கூடவே எண்ணிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "நீங்க இருப்பீங்கல்லோ? வண்டி கட்டிட்டு வாரேன்" என்று என்னிடம் கேட்டார். ஊருக்குத் திரும்ப வேண்டிய பஸ் அந்த நேரம்தான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. இருப்பேன் என்றேன். பொழுது சாயும்வரை வண்டிகள் வந்தன. எல்லாரும் வந்துவிடவில்லை. வியாபாரியின் வள்ளத்துக்கும் பாதி போயிருக்கும். ஆனால் சங்கத்துக் கிடங்கில் காய் இருந்தது. சகாயராஜ் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

காலி கிடங்கை யாராவது அப்படி இழுத்துப் பார்ப்பார்களா?

இந்த வாரம் வகுப்புக்குப் போனால், என் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. காற்றுதான் வருகிறது. பின்வரிசை என்ன, முன்வரிசைக்கே கேட்காது. வேறு வழியில்லாமல் கரும்பலகையில் ஒரே ஒரு வரி எழுதினேன்: 'உங்கள் ஆபீஸில் புதிதாக வந்தது எது? அதனால் யாருக்கு என்ன போயிற்று?' சாக்பீஸை வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு மில் ஆபீஸ்காரர் ஒருவர் எழுந்தார். அவரை மறித்து லாரி புக்கிங்காரர் எழுந்தார். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார்கள். இத்தனை மாதத்தில் நான் சொல்லிக்கொடுத்ததை விட அன்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டது அதிகம்.

நாலே நாளில் குரல் திரும்பிவிடும் என்கிறார் டாக்டர். அவசரமில்லை என்று எழுதிக் காட்டினேன்.