கோட்டுக்கு வெளியே ஒரு வீடு

சுவருக்கு முட்டுக் கொடுப்பதில் க்ரோனிங்கன் மாகாணத்திலேயே என்னை மிஞ்ச ஆள் இல்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொத்துக்கரண்டியைப் பிடித்தவன் நான். இன்று 'ஃபிரேர்க் டைக்ஹுயிஸ், கட்டடம்' என்று பெயர் எழுதிய வண்டிகள் துறைமுகம் வரை ஓடுகின்றன. பூமிக்கடியிலிருந்து எரிவாயுவை உறிஞ்ச உறிஞ்ச, மேலே நிலம் ஆடத் தொடங்கியது. அதற்குப் பிறகு நான் முட்டுக் கொடுத்து நிறுத்திய வீடுகளும் தேவாலயச் சுவர்களும் எத்தனையோ. எல்லா முட்டுகளையும் ஒருநாள் நானே கழற்றி எடுத்து வந்துவிட்டேன். ஒரே ஒரு வீட்டில் மட்டும் அவை அப்படியே நிற்கின்றன. அது என் மனைவி ஆல்ட்யெவின் தம்பி மென்னோவின் வீடு.

மென்னோ புள்ளியியல் படித்தவன். நான் செங்கல்லில் சம்பாதித்ததை அவன் எண்ணில் சம்பாதித்தான். முதல் வேலை கடற்கரை அணைகளுக்காக: கடல் எவ்வளவு உயரம் பொங்க வாய்ப்பு, அணையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று சொல்வது. பிறகு காற்றாலைக்காரர்களுக்காகக் காற்றை அளந்தான். அதற்குப் பிறகுதான் நில அதிர்வு ஆராயும் நிறுவனம் அவனைக் கூப்பிட்டுக்கொண்டது. நிலம் எந்த நாளில் ஆடும் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த இடத்தில் எவ்வளவு பலமாக ஆட வாய்ப்பு என்று மட்டும் சொல்லலாம். அதை வைத்து வருடா வருடம் வரைபடத்தில் ஒரு கோடு போடுவார்கள். கோட்டுக்குள் இருக்கும் வீட்டை அரசு தன் செலவில் பலப்படுத்தித் தரும். வெளியே இருந்தால் விரிசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஒரு வருடம் வந்த கோடு எங்கள் ஊர் ஹார்க்வெர்டை வெளியே விட்டுவிட்டது. ஒரு சர்க்கரை பீட்கிழங்கு வயல் தூரத்தில்.

போட்டது யார் என்று ஊருக்கே தெரியும்.

புத்தாண்டன்று எங்கள் ஊரில் யார் வீட்டுக் கதவும் பூட்டியிருக்காது. வீடு மாற்றி வீடு போய், பன்றிக்கொழுப்பும் உலர்ந்த சாஸேஜும் வைத்துச் சுட்ட தடித்த கறுப்பு அடையைத் தின்றுவிட்டு, ஒரு மடக்கு சாராயம் குடித்து வாழ்த்துவோம். மென்னோவின் மனைவி ஜான்டினாவும் தட்டு நிறையச் சுட்டு வைத்திருந்தாள். நானும் ஆல்ட்யெவும் போனோம். வேறு ஒருவரும் வரவில்லை. அடை ஆறிக் கொழுப்பு வெள்ளையாக உறைந்தது. ஜான்டினா அதை மூடவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

பொறுக்காமல் மென்னோவை இழுத்துக்கொண்டு ஊர் மண்டபத்துக்குப் போனேன். பீட்கிழங்கு விவசாயி சீப்ரண்ட் வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"வாங்க வாங்க, கோட்டுக்காரரே! என் வயலு வந்ததும் பென்சில் முனை ஒடிஞ்சு போச்சா?"

"சீப்ரண்ட், அது அப்படிப் போடுறது இல்லப்பா..."

"அப்ப எப்படிப் போடுறது? என் மாட்டுக்கொட்டாய் சுவத்துல கையை விட்டா அந்தப் பக்கம் மாடு நக்குது. அதை எந்தக் கணக்குல எழுதுன?"

சிரிப்பில் மண்டபமே அதிர்ந்தது. மென்னோ சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "டேய், அவன் வீடும்தான்டா வெளிய கிடக்கு" என்று நான் கத்தினேன். "அவனுக்கென்ன, சம்பளம் உள்ளதான இருக்கு" என்றான் சீப்ரண்ட். மென்னோவை இழுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். வாய்ச்சண்டையை நான் பாதியில் விட்டுவிட்டு வருவது அபூர்வம்.

பிப்ரவரியில் ஒருநாள் மென்னோ என் பட்டறைக்கு வந்தான். நான் உத்திரம் அறுத்துக்கொண்டிருந்தேன். அவன் மரத்தூளில் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அத்தான், தப்பு நடந்துபோச்சு."

"யாரு பண்ணுனது?"

"நான்தான்."

எங்கள் ஊர் ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. கடல் ஊருக்குள் வந்து போன காலத்தில் முன்னோர்கள் களிமண்ணையும் சாணத்தையும் கொட்டிக் கொட்டி உயர்த்திய மேடு. தேவாலயத்தின் அடியில் அதிர்வை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அது எப்போதும் சுற்றியுள்ள வயல்வெளிக் கருவிகளைவிட அதிகமாகக் காட்டும். மென்னோ அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டிருந்தான். இது மனுஷன் கொட்டிய மண், இயற்கை நிலம் இல்லை, இந்தப் பகுதி நிலத்துக்கு இது அடையாளம் ஆகாது என்று காரணம் எழுதினான்.

"அந்த மண்ணு மேலதானேடா நாம குடியிருக்கோம்?"

"அதான் அத்தான். சொந்த ஊருக்குச் சலுகை காட்டுனான்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு பயந்தேன். பயத்துல நமக்கு எதிராவே சாஞ்சுட்டேன்."

"சரிபார்க்க ஆளே இல்லையா அங்க?"

"ரெண்டு பேர் பார்த்தாங்க. 'நீ அந்த ஊர்க்காரன், உனக்குத் தெரியாததா'ன்னு விட்டுட்டாங்க."

"அப்ப போய்ச் சொல்லிடு. அடுத்த வருஷக் கோட்டுல சரியாயிடும்."

"சொன்னா என்ன சொல்வாங்க? தன் வீடு உள்ள வரணும்னு கணக்கை மாத்துறான்னுதான. நிறுவனமும் அதையேதான் சொல்லும், ஊரும் அதையேதான் சொல்லும். கருவியைத் திரும்பச் சேர்க்க விடவே மாட்டாங்க."

"அப்ப வாயை மூடிக்கிட்டு ஊரை விட்டுப் போயிடு. நார்வேயில வேலை குடுக்கறேன்னாங்களே?"

"வீடு விக்கணுமே. யாரு வாங்குவா? விலைக்குப் போட்டு ரெண்டு வருஷமாச்சு, பார்க்கக்கூட ஒருத்தர் வரல."

நான் இரவல் அறிவுரை கொடுக்கிறவன் இல்லை, என் அறிவுரைதான் எப்போதும். ஆனால் அன்று அதற்குமேல் ஒரு யோசனையும் தோன்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து காபியை ஆற்றிக் குடித்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனுக்குச் சுவர்தான் இருந்தது, அதுவும் விரிசல் விட்ட சுவர்.

ஏப்ரலில் நிறுவனத்தார் வரைபடத்தை விளக்க எங்கள் மண்டபத்துக்கு வந்தார்கள். தலைவி லீஸ்பெத் கோர்ஃபர்ஸ் பேசினாள். மென்னோ பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. பாதியில் அவன் எழுந்தான்.

"தேவாலயத்துக் கருவியை எடுத்தது நான்தான். எடுத்திருக்கக் கூடாது. அதைச் சேர்த்தா இந்த மேடு முழுக்க கோட்டுக்குள்ள வரும்."

தலைவி அவன் கையைப் பிடித்தாள். "மென்னோ, உட்காருங்க. இதை ஆபீஸ்ல பேசிக்கலாம்."

பின்னாலிருந்து சீப்ரண்ட் எழுந்தான். "எதுக்கு இப்ப ஞானம் வந்துச்சு? உன் சொந்த வீட்டுக்கா?"

"என் வீடு வராது, சீப்ரண்ட்."

"ஏன் வராது? நீயும் மேட்டு மேலதான இருக்க?"

"பலப்படுத்துறது எனக்கு வேண்டாம், எப்பவுமே கேக்க மாட்டேன்னு போன வாரம் நகராட்சியில எழுதிக் குடுத்துட்டேன். திரும்ப வாங்க முடியாது. இப்ப கணக்கைப் பாருங்க."

ஜான்டினா எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்பே தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது. மடியில் இருந்த கையுறையைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். சீப்ரண்ட் உட்கார இடம் தேடுவதுபோல் பின்னால் பார்த்தான்.

வெளியார் வந்து கருவியைச் சோதித்தார்கள். அடுத்த வருடக் கோடு மேட்டைச் சுற்றி வந்தது. ஊர் முழுக்கச் சாரம் கட்டினார்கள். பாதி வேலை என் கம்பெனிக்குத்தான், அதில் யாரும் குறை சொன்னதில்லை. நிறுவனம் மென்னோவை வேலையை விட்டு எடுக்கவில்லை. மறுபடி காற்றுக்கணக்குக்கு, ஜன்னல் இல்லாத ஓர் அறைக்கு மாற்றியது. ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தான். நார்வேக்காரர்கள் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். பலமான வீடுகளுக்கு நடுவே பலமில்லாத ஒரே வீடு; இனி சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள்.

புத்தாண்டுக்கு இப்போது அவன் வீட்டில் நிற்க இடம் இருக்காது. சீப்ரண்ட்தான் முதலில் வருவான், அதிகம் தின்பவனும் அவன்தான். எல்லோரும் முட்டுக்கட்டையில் இடித்துக்கொள்ளாமல் பக்கவாட்டில் நடப்பார்கள். அப்புறம் கிளம்பி அவரவர் பலப்படுத்திய வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

பனி விட்டதும் வருடா வருடம் நான் போய் ஆப்புகளை இறுக்கி அடிப்பேன். எழுபத்தாறு வயதிலும் சுத்தியலை இன்னொருவன் கையில் கொடுத்ததில்லை. இந்த முறை நடுச்சுவர் மேலும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். மென்னோ ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் எத்தனை காலம் தாங்கும், அத்தான்?"

"என்னைக் கேக்கற? நீதான மாப்ளே கணக்குப் போடுற ஆளு."

"இந்த வீட்டுக்கு மட்டும் நான் போட்டதில்ல."

"ஏன்?"

சமையலறையில் ஜான்டினா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"போட்டா எத்தனை வருஷம்னு அவளும் கேப்பா. தெரிஞ்சுட்டா இங்க தூங்க மாட்டா. தூங்க வேற இடமும் இல்ல."

நான் ஆப்பை இன்னொரு தடவை ஓங்கி அடித்தேன்.