மருவுக்கு வைத்த ஆசிட்

நான் தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவன். வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு மரு வந்தது. பிறகு பக்கத்திலேயே இன்னும் இரண்டு முளைத்தன. கடலடியில் மணலைத் துழாவும்போது உரசி ரத்தம் வரும். என் மனைவி கோயிலில் உப்பும் மிளகும் போட்டாள். மரு போகவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். "களிம்பு தாரேன், மெதுவாத்தான் உதிரும். சுட்டு எடுத்தா சீக்கிரம் போயிரும், ஆனா புண்ணு ஆறுற வரைக்கும் கடல்ல இறங்கக் கூடாது. சும்மா விட்டாலும் நிறையப் பேருக்குத் தானா போயிரும்" என்றார் டாக்டர். சங்கு எடுக்கும் மாதங்கள் அவை. கரையில் உட்கார மனம் வரவில்லை.

என்னோடு சங்கு குளிக்கும் மச்சான் சிரித்தார். "ஏலே, இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? லாரி பேட்டரி ஆசிட்ட ஒரு சொட்டு வையி. புண்ணானா என்ன, நமக்குக் கடத்தண்ணிதானல மருந்து!"

எல்லாப் புண்ணுக்கும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆசிட்டை வைத்துவிட்டு மறுநாளே கடலில் இறங்கினேன். புண் ஊறி, சீழ் பிடித்து, விரல் மூட்டு வரை அழுகியது. திரும்ப அதே டாக்டரிடம் போனேன்.

"விரல் தப்பிச்சிட்டு. ஆனா இனி மடங்காது" என்றார்.

மடங்காத விரலை வைத்துக்கொண்டு சங்கைப் பிடிக்க முடியவில்லை. இப்போது படகில் நின்று மச்சானுக்குக் கயிறு பிடிக்கிறேன். நடுவிரலில் புதிதாக ஒரு மரு வந்திருக்கிறது. டாக்டர் தந்த களிம்பைத் தவிர அதில் எதையும் வைப்பதில்லை. மெதுவாக உதிரட்டும். நான்தான் கடலில் இறங்குவதில்லையே.