மேடையில அழுத எங்க அக்கா

காலையில வேட்பாளர் எங்க அச்சன்புதூர் தெருவுக்கு ஓட்டு கேட்டு வந்தாரு. ஆட்டுக்குட்டியைக் கையில தூக்கி வச்சிருந்த எங்க அக்கா, "குழாயில தண்ணி வரல"ன்னு சொன்னா. அவ்வளவுதான்.

சாயங்காலம் தென்காசியில அவரு கூட்டம். நானும் அக்காவும் போனோம்.

"இன்னைக்கு அச்சன்புதூர்ல ஆட்டுக்குட்டியோட நின்ன ஒரு தாய், 'என் பிள்ளைங்க பட்டினி கிடக்குய்யா'ன்னு என் கையைப் புடிச்சு அழுதாங்க!" குரல் தழுதழுக்கப் பேசுதாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அக்காவுக்கு ஒரே மகன். துபாய்ல வேலை பாக்கான்!

திரும்பிப் பார்த்தா, அக்கா கண்ணைத் துடைக்கா. "பாவம்ட்டி, யாரு பெத்த பிள்ளையோ."

"ஏக்கா, அது நீதான்!"

"நானா? நான் தண்ணியைத்தான கேட்டேன்?" மறுபடியும் கண்ணைத் துடைச்சா. "இருந்தாலும் பாவம்லா அவ. இவருக்கே போட்டுருவோம்."

குழாயில இன்னும் தண்ணி வரல.

உங்க தெருவுக்கும் அவரு வந்துட்டுப் போனாரா? மேடையில நீங்க யாரா ஆயிட்டீங்கன்னு விசாரிச்சுச் சொல்லுங்க.