என் நாக்குக்குச் சொரணை வந்த கதை

என் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். மகளிடம் சொல்லி எழுத வைக்கலாம். ஆனால் இது அவளுடைய அம்மாவைப் பற்றிய விஷயம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதனால் நானே எழுதுகிறேன்.

1974-இல் நான் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் சமையல்காரனாக இருந்தேன். திங்கட்கிழமை காலையில் ஜீப்பில் வரும் ஆட்கள் சனிக்கிழமை வரை அங்கேயே தங்குவார்கள். முப்பது பேருக்கும் என் கைச் சோறுதான். எந்நேரமும் மழையும் குளிருமாக இருக்கும் இடம். காரம் தூக்கலாக இருந்தால்தான் உடம்பு தாங்கும் என்று நம்பினேன்.

சமையல் கொட்டகைக்குப் பின்னால் காந்தாரி மிளகாய்ச் செடிகள் நின்றன. பார்க்கத்தான் குட்டி மிளகாய், கடித்தால் நெருப்பு. சின்ன வயதிலிருந்தே அதைப் பச்சையாகக் கடித்துக்கொண்டு கஞ்சி குடித்துப் பழகியவன் நான். முதலில் ஒன்று போதுமாக இருந்தது. பிறகு மூன்று வேண்டியிருந்தது. அந்த வருஷம் ஏழெட்டுக் கடித்தால்தான் சாப்பிட்ட மாதிரியே இருந்தது. குழம்பை ருசி பார்த்தால் எனக்குச் சப்பென்று இருக்கும். இன்னும் ஒரு கை மிளகாயை அரைத்து ஊற்றுவேன். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் எல்லோரும் ‘நல்லா இருக்கு’ என்றுதான் சொல்வார்கள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை. மற்றபடி யாரிடமும் அதிகம் பேச மாட்டேன்.

வைகாசியில் எனக்குக் கல்யாணம் நடந்தது. பெண் ராசிங்காபுரம். மேலே கூட்டி வந்தேன். சமையல்காரன் வீட்டில் தனியாக உலை வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. ஆட்கள் சாப்பிட்டுப் போன பிறகு, கொட்டகையிலேயே அதே பாத்திரத்துச் சோற்றை நாங்கள் சாப்பிடுவோம். எனக்குப் பரிமாறிவிட்டு அவள் சற்றுத் தள்ளி, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவாள். பக்கத்தில் எப்போதும் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கும். கண் கலங்கியிருக்கும். ஒருநாள் துணிந்து கேட்டேன். ‘பொகை’ என்றாள்.

அடுத்த நாளே கூரையில் ஏறி, ஒரு தகரத்தை வெட்டிப் புகை போக வழி செய்தேன். பெண்டாட்டிக்காக நான் செய்த முதல் காரியம் அது. இறங்கி வந்து, அவள் பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன்.

ஆடி பிறந்ததும் ஊர் வழக்கப்படி அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஆவணியில் திரும்ப வர வேண்டும். வரவில்லை. ‘மலை ஒத்துக்கலையாம், உடம்பு தேறட்டும்’ என்று ஆள் மூலமாகச் செய்தி வந்தது. போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கரி பிடித்த சமையல்காரனை அவளுக்குப் பிடிக்கவில்லை, அதை நேரே சொல்லாமல் மலையின் மேல் பழியைப் போடுகிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பிலேயே மிளகாயும் கூடியது.

புரட்டாசியில் என் வயிறு காட்டிக்கொடுத்தது. நெஞ்சுக்குக் கீழே எரிச்சல், நிமிர முடியவில்லை. போடியில் டாக்டரிடம் காட்டினேன். வயிற்றில் புண், ஒரு மாதத்துக்கு மிளகாய் வாசமே கூடாது என்றார். மருந்து கட்டிக் கொடுத்த கம்பவுண்டர்தான் விளக்கமாகச் சொன்னார்: “காரம்ங்கிறது ருசி இல்லப்பா, அது எரிச்சல். எரிஞ்சு எரிஞ்சு ஒன் நாக்கு மரத்துப் போயிருக்கும். விட்டுப் பாரு, தானாத் திரும்பும்.” எனக்கு நம்பிக்கை வரவில்லை.

போடியில் என் அக்கா வீட்டில் தங்கினேன். தினமும் குழைந்த சோறும் மோரும்தான். முதல் வாரம் மண்ணைத் தின்பது போல இருந்தது. பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், சோற்றை வாயில் வைத்ததும் இனித்தது.

“ஏக்கா, சோத்துல சக்கரை போட்டியா?”

“பத்தியச் சோத்துல யாருடா சக்கரை போடுவாக? வயித்தோட சேத்துப் புத்தியும் கெட்டுப் போச்சா?” என்று சிரித்தாள். வெறும் சோற்றுக்கு இனிப்பு உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மாதம் முடிந்து மலை ஏறினேன். அதுவரை எனக்குப் பதிலாகச் சமைத்தவர் தோட்டத்தில் வேலை செய்த ஓர் அண்ணன். நான் சொல்லிக் கொடுத்த அளவுப்படி வைக்கச் சொல்லியிருந்தேன். மத்தியானம் ஆட்களோடு உட்கார்ந்து, டாக்டர் சொன்ன கெடு முடிந்த தைரியத்தில் ஒரு வாய் குழம்புச் சோறு சாப்பிட்டேன். காது அடைத்தது. மூக்கும் கண்ணும் சேர்ந்து ஒழுகின. தண்ணீரைக் குடித்தேன், எரிச்சல் வாயெல்லாம் இன்னும் பரவியது.

“என்னண்ணே இது, மனுசன் திங்கிறதா?” என்றேன்.

கொட்டகையே கொல்லென்று சிரித்தது.

“அப்பு, நீ சொன்னது ரெண்டு கை. நான் பாவம் பாத்து ஒண்ணரக் கைதேன் போட்டேன்” என்றார் அண்ணன்.

காய் எடுக்கும் அக்கா ஒருத்தி சேர்ந்துகொண்டாள்: “ஒஞ் சோத்துக்காகத்தேன் நாங்க வாராவாரம் வீட்டுலருந்து தயிரு கொண்டாறோம். வேற எதுக்குன்னு நெனச்ச?”

“ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னா நீ ரெண்டு நாளைக்கு யாரோடயும் பேச மாட்ட. அந்த மூஞ்சியப் பாக்குறதுக்கு இந்தக் காரமே மேலு.”

மறுபடி சிரித்தார்கள். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். நான் வெட்டிவைத்த தகர ஓட்டை வழியாக வானம் தெரிந்தது. அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. கொட்டகையில் புகையே இல்லை. நானும் என் பெண்டாட்டியும் சாப்பிடும் நேரத்தில் என்றைக்குமே இருந்ததில்லை.

சனிக்கிழமை ஜீப்பில் இறங்கி, போடியில் பஸ் பிடித்து ராசிங்காபுரம் போனேன். மாமனார் முகம் கொடுத்துப் பேசவில்லை. “ஆவணியும் போச்சு, பொரட்டாசியும் போச்சு. கொண்டு விட்டாலும் எம் மக மலையில இருக்க மாட்டா போல. நாலு பெரிய மனுசங்கள வச்சு ஒரு முடிவு பண்ணிருவோம்” என்றார். நான் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அங்கே எல்லாம் மறந்துபோனது. தரையையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

வந்தவனைப் பட்டினி போடக் கூடாது என்று இலை போட்டார்கள். மாமியார், “மாப்ளைக்குக் காரமுன்னா உசுரு” என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார். நல்ல மனதோடு எனக்காகவே கூடுதலாக மிளகாய் அரைத்த குழம்பு. வேண்டாம் என்று சொல்லவும் கூச்சம். நான்கு வாய் சாப்பிட்டேன். கண்ணீர் இலையில் சொட்டியது. மாமனார், நான் அழுகிறேன் என்று நினைத்து எழுந்து வெளியே போய்விட்டார். தண்ணீர்ச் செம்பை எடுக்கக் கையை நீட்டினேன்.

அதற்கு முன்னால் ஒரு கை வந்து செம்பைத் தள்ளி வைத்தது. மோர் டம்ளரை வைத்தது.

“தண்ணி குடிச்சா இன்னும் எரியும்” என்றாள் என் மனைவி. என் முகத்தைக் குனிந்து பார்த்தாள். “என்ன, பொகையா?”

“பொகை இல்ல” என்றேன். “காரம். எனக்குத் தெரியாமப் போச்சு.”

அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போனாள். பெட்டியில் துணி எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. வாசல் பக்கம் திரும்பி, “அப்பா, திங்கக்கிழமை மேல ஏறுறோம்” என்று சத்தமாகச் சொன்னாள்.

மலைக்கு வந்ததும் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். இனிமேல் கரண்டியில் முதல் சொட்டு அவள் கைக்குத்தான். அப்புறம் கூரையைப் பார்த்து, “அத மூடுங்க, மழை ஒழுகுது” என்றாள். மூடினேன்.

இப்போது போடியில் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறோம். முதல் ருசி இன்றைக்கும் அவளுடையதுதான். நான் அளவாகத்தான் காரம் சாப்பிடுகிறேன். சாப்பிட்டவர்கள் ‘நல்லா இருக்கு’ என்று சொல்லும்போது எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அந்த வார்த்தையை நம்புவதற்கு முன்னால் அவர்கள் கண்ணை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

எழுத வேண்டும் என்று பல வருஷம் நினைத்திருந்து, ஒருவழியாக இதை எழுதி முடித்தது 1988, ஆவணி மாதம் ஆறாம் தேதி.